சுடாத நெருப்பு

நாணல்குடியில் நெருப்பு சுடாமல் போனது ஒரு சனிக்கிழமை காலையில். முந்தின நாள் வரை அந்த ஊர் நெருப்பு எல்லா ஊர் நெருப்பையும் போலத்தான் இருந்தது. அரிசி வெந்தது, பால் பொங்கியது, அவசரக்காரர்களின் விரல் கொப்பளித்தது, செத்தவர்கள் முறையாகச் சாம்பலானார்கள். சனிக்கிழமை காலையிலும் அடுப்புகள் எரியத்தான் செய்தன. விறகடுப்பில் மஞ்சளாகவும் காஸ் அடுப்பில் நீலமாகவும் சுவாலை நின்று ஆடத்தான் செய்தது. ஆனால் பால் பொங்கவில்லை, உலை கொதிக்கவில்லை, கொதிக்காத உலைக்குள் விரலை விட்டுப் பார்த்த பெண்கள் அது இறைத்து வைத்த தண்ணீராகவே இருப்பதைக் கண்டு, விறகு ஈரம் என்றும், சிலிண்டர்காரன் ஏமாற்றிவிட்டான் என்றும், எவளோ கண் வைத்துவிட்டாள் என்றும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு, பழைய சோற்றைப் பிழிந்து வைத்துப் புருஷன்மார்களை வயலுக்கு அனுப்பினார்கள்.

ஊருக்கு வடக்கே கருவேலங்காட்டுக்குள் ஒரு பழைய குழாய் இருந்தது. முன்பு எப்போதோ எண்ணெய் தேடி வந்தவர்கள் தோண்டி, எண்ணெய் கிடைக்காமல், வெறும் வெந்நீர்தான் வருகிறது என்று அதன் வாயில் இரும்பு மூடியைப் போட்டு சிமெண்டு பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வெந்நீரைத் தேடித்தான், அந்தச் சனிக்கிழமைக்குச் சில வாரம் முன்பு, ஒரு கம்பெனி வந்தது. பூமிக்கு அடியில் போகப்போகச் சூடு, அந்தச் சூட்டில் கிடக்கிற தண்ணீரை மேலே கொண்டுவந்தால் ஆவி, ஆவி அடித்தால் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் கரண்டு, புகை கிடையாது, கரி கிடையாது, எடுத்த தண்ணீரைக்கூட இன்னொரு துளை வழியாகத் திருப்பி உள்ளேயே விட்டுவிடுவோம் என்று, மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த மெர்லின் என்ற பொறியாளர் பெண் ஊராட்சி அலுவலக வாசலில் நின்று படம் போட்டுக் காட்டினாள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற கம்பெனியை நாணல்குடி அதுவரை பார்த்ததில்லை, ஆகவே கைதட்டியது.

துளை போடுவதற்கு முன் பூஜை. கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் யாரோ பஞ்சாங்கம் பார்த்து வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் என்று குறித்து அனுப்பினார்கள். ஊராட்சித் தலைவர் சிங்காரவேலு, ஊர் மொத்தமும் சேர்ந்து செய்கிற காரியமாக இருக்கட்டும் என்று, வீட்டுக்கு ஒரு கங்கு அடுப்பிலிருந்து எடுத்துக் கொடுங்கள், எல்லார் வீட்டு நெருப்பையும் ஒன்றாகப் போட்டு ஹோமம் வளர்ப்போம் என்றார். பெண்கள் முணுமுணுத்தார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து நெருப்போ உப்போ வெளியே போகக் கூடாது. அடுத்த வீட்டுக்காரி அழுதுகொண்டு வந்து நின்றாலும் நாளைக்கு வா என்றுதான் சொல்ல வேண்டும். அது அந்த ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும். அதோடு, நெருப்பு வாங்குகிறவர்கள் கைப்பிடி சுள்ளியையாவது அடுப்படியில் போட்டுவிட்டு வாங்குவார்கள், சும்மா வாங்க மாட்டார்கள். கம்பெனி சும்மா வாங்கியது. முணுமுணுத்துக்கொண்டேதான் என்றாலும் எல்லாரும் கொடுத்தார்கள். காஸ் அடுப்புக்காரர்கள் அதில் சூடம் கொளுத்திக் கொடுத்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அக்கரையில் குடியிருந்தவர்களும் பாலத்து முனை வரை கொண்டுவந்து தட்டில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஹோமம் நடந்தது, விடிந்தால் அந்தச் சனிக்கிழமை.

ஒரு வீட்டு நெருப்பை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது அக்கரையில் வாய்க்காலை ஒட்டின கடைசி வீடு, சுடுகாட்டு வேலை பார்த்த கலியனின் வீடு. கலியன் செத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, வீட்டில் தீட்டு. தீட்டு இல்லாவிட்டாலும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த அடுப்பில் எரிவது யாரைச் சுட்ட நெருப்போ என்பார்கள் பெரிய தெருவில்.

கலியன் போன விதத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே அக்கரை, மேற்கே பெரிய தெரு, நடுவில் பாலம். பாலத்தைத் தாண்டினால் பெரிய தெரு நேராக மயானத்துக்குப் போகிறது. அக்கரைக்காரர்கள் உயிரோடு இருக்கும் வரை பாலத்திலும் தெருவிலும் நடக்கலாம். களை பறிக்கப் போகலாம், ரேஷன் கடைக்குப் போகலாம். செத்தால் நடக்கக் கூடாது. செத்தவர்கள் வாய்க்காலில் இறங்கி, வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு மயானத்துக்குப் போக வேண்டும். பெரிய தெருவில் செத்த அத்தனை பேரையும் தன் கையால் எரித்த கலியனின் பாடை ஆவணி மாதத்தில், வாய்க்கால் இரு கரையும் தொட்டு ஓடுகிற நாளில், பாலத்துக்கு வந்தபோது சிங்காரவேலு பாலத்தின் நடுவில் நின்றார்.

"செத்தவன் நல்லவன்தான், யாரு இல்லேன்னா? ஆனா பாதைன்னு ஒண்ணு இருக்குல்ல. கழுத்தளவு தண்ணிதானே அமராவதி, தலைக்கு மேல தூக்கிக்கிட்டுப் போனா நனையாது" என்றார் கலியனின் மனைவியிடம். அவர் வைது சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்.

தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வாய்க்காலின் நடுவில், யாரோ மணல் அள்ளின இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. முன்னால் போனவன் அதில் காலை விட்டான், பாடை சாய்ந்தது, கலியனின் இரண்டு காலும் தண்ணீருக்குள் போய் வந்தன. கலியனின் மனைவி அமராவதி கரையில் நின்று அதைப் பார்த்தாள். கலியனைச் சுட வேறு ஆள் இல்லாததால் அவளேதான் சுட்டாள், ஈரத்தில் கால் பக்கம் கடைசியில்தான் பிடித்தது, அதற்குப் பிறகு அந்த வேலையும் அவளிடமே தங்கிவிட்டது.

இதுதான் நெருப்பு அணைந்த கதை. அணைந்தது என்பதுகூடத் தப்பு, சூடு மட்டும்தான் போயிற்று.

போன சூட்டைப் பற்றி நாணல்குடி முதல் வாரம் அழுதது, இரண்டாவது வாரம் சண்டை போட்டது, மூன்றாவது வாரத்தில் பழகிக்கொண்டது. அவலை ஊறவைத்துத் தின்றார்கள். முளைகட்டிய பயறு, வெள்ளரிக்காய், மோர், பழம் என்று கல்யாணப் பந்தி ஒன்றுகூட நடந்தது, வந்த சம்பந்திகள் ஏதோ புதுவித வைத்தியச் சாப்பாடு என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். டவுனிலிருந்து பொட்டலம் கட்டி வாங்கிவந்த பிரியாணி ஊர் எல்லை மதகைத் தாண்டும்போது மடியிலேயே சில்லிட்டதால், சில பேர் மதகுக்கு அப்பால் துண்டை விரித்து உட்கார்ந்து தின்றுவிட்டு ஊருக்குள் வந்தார்கள். வெயில் மட்டும் வழக்கம்போல் சுட்டது. இஸ்திரி போடுகிறவர் பெட்டியைப் பாறைமேல் காயவைத்துத் தேய்த்தார். குழந்தைகள் நெருப்போடு விளையாடக் கற்றுக்கொண்டார்கள். சுவாலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தெருவில் ஓடினார்கள், பெண்பிள்ளைகள் தலையில் வைத்துப் பார்த்தார்கள், எந்தத் தாயும் பதறவில்லை. டீக்கடை பக்கிரி பாலில் தூளைக் கரைத்து இதுதான் இனிமேல் டீ என்றான். குடித்துப் பார்த்தவர்கள் கெட்ட வார்த்தை சொன்னார்கள், ஆனால் மறுநாளும் வந்தார்கள், வேறு எங்கே போவது.

சூடு கொஞ்சம் கொஞ்சமாக மனுஷ உடம்பிலிருந்தும் இறங்கியது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. புருஷன் பெண்டாட்டி கையைப் பிடித்தால் இரும்புக் கிராதியைப் பிடித்த மாதிரி இருந்தது என்பதை வெளியில் எப்படிச் சொல்வது?

கருவேலங்காட்டில் மட்டும் ஒரு குறையும் இல்லை. துளை இறங்க இறங்க, கம்பெனி போட்ட கணக்கைவிட அதிகமாகச் சூடு வந்தது. ஆவி எழுந்து, சோதனைக்கென்று வைத்த சிறிய சக்கரம் சுழன்று, கம்பெனி வாக்குக் கொடுத்தபடியே ஊருக்கு இலவசக் கரண்டும் வந்துவிட்டது. பெரிய தெருவில் பகலிலும் விளக்கு எரிந்தது, அந்த வெளிச்சத்தில் ஊர் ஆறிய சோறு தின்றது. மெர்லினுக்குத்தான் நிம்மதி இல்லை. அளந்து பார்த்துவிட்டு மறுபடி அளந்தாள். மேலிடத்துக்கு போன் செய்து சூடு கணக்குக்கு ஒத்துவரவில்லை, நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டாள். குறைந்தால் சொல் என்று வைத்துவிட்டார்கள்.

ஊர்க் கூட்டத்தில் பக்கிரிதான் எழுந்து கேட்டான். "எடுத்த தண்ணியத் திருப்பி உள்ள விட்டுட்டீங்க, சரி. எடுத்த சூட்ட எங்கம்மா திருப்பி விட்டீங்க?"

மெர்லின் கையிலிருந்த படத்தைச் சுருட்டினாள். பிறகு, "அதுக்கு மிஷின் இல்லைங்க" என்றாள்.

துளையை மூடச் சொல்லலாம் என்று பக்கிரி சொன்னான். மூடினால் இலவசக் கரண்டு போய்விடும் என்றார்கள். நிலம் கொடுத்தவர்களுக்கு வாடகை போய்விடும், காவலாளியாகவும் டிரைவராகவும் சேர்ந்த பிள்ளைகளுக்கு வேலை போய்விடும். மூடினால் சூடு திரும்பும் என்பதற்கு யார் ஜவாப்தாரி என்று சிங்காரவேலு கேட்டார். யாரும் ஜவாப்தாரி இல்லை. அனுசரித்துப் போவோம் என்று தீர்மானமாயிற்று.

அப்படி அனுசரித்துப் போய்க்கொண்டிருந்த ஒரு முற்பகலில், வாய்க்கால் கரையில் மாடு தேடிப் போன பக்கிரிக்கு வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. அவன் மாட்டை விட்டுவிட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டே போனான். அமராவதி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"சுடுதா?" என்றான் பக்கிரி வாசலில் நின்று.

"சுடாம பின்ன?" என்றாள் அவள். டவுன் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்வருகிற மகள் வினோதா சொல்லி ஊர் விஷயம் அவளுக்குத் தெரியும். தன் வீட்டில் அப்படி ஆகவில்லை, கேட்டவர்களும் இல்லை, அவளாகப் போய்ச் சொல்லவும் இல்லை.

அகப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். பக்கிரி அவசரத்தில் வாயில் விட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டு, நாக்கு சுட்ட சந்தோஷத்தில் அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

அதற்குப் பிறகு எதுவும் மறைவாக இருக்கவில்லை. முதலில் அக்கரைக்காரர்கள் வந்தார்கள், உரிமையோடு அடுப்படி வரை வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு பெரிய தெருவிலிருந்து பக்கிரி வழியாகச் சட்டிகள் வந்தன. பிறகு சட்டிகளோடு ஆட்களே வந்தார்கள். அந்த வீட்டு நெருப்பில் மூட்டின அடுப்பு ஒரு வேளைக்குச் சுட்டது, இறக்கி வைத்ததும் மறுபடி மற்ற நெருப்போடு சேர்ந்துகொண்டு சில்லிட்டது, ஆகவே வேளைக்கு வேளை வர வேண்டியிருந்தது. வாசலுக்குத் தள்ளிச் சட்டியை வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள், அமராவதி வந்து கங்கைப் போட்டுவிட்டு நகர்ந்துகொள்வாள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போதும் என்று ஒரு ஏற்பாடு வந்தது. கொஞ்ச நாளில் அதுவும் எதற்கு, நெருப்புக்கு ஏது தீட்டு என்றார்கள்; அந்தக் கேள்வியை அதுவரை கேட்டே பார்க்காதவர்கள் அதைத் தாங்கள் பிறந்தது முதல் சொல்லிவருகிற மாதிரி சொன்னார்கள். பெரிய தெருவில் செத்தவர்களும் அந்த அடுப்பு நெருப்பில்தான் எரிந்தார்கள். வாங்குகிறவர்கள் போட்ட சுள்ளி அமராவதி வீட்டுக் கூரை உயரத்துக்கு ஏறியது.

மெர்லினும் வந்தாள். அவள் வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே போய் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் காட்டினாள். தெர்மாமீட்டரை எடுத்து அடுப்பில் வைத்தாள், தன் கையில் வைத்தாள், பிறகு அமராவதியின் கையில் வைத்தாள். அமராவதியின் கை சூடாக இருந்தது.

"இதை எழுதினா என்னை வேலையை விட்டு எடுத்திருவாங்க அக்கா" என்றாள்.

"எழுதாதீங்க, டீ குடிங்க" என்றாள் அமராவதி.

வினோதாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா குடுக்கற? எங்கப்பனத் தண்ணியில எறக்குன ஊருக்கு ஏன் குடுக்கற?"

"நெருப்புன்னு வந்து நின்னா இல்லேங்கக் கூடாதுடி."

"கூடாதுன்னு அவங்களுக்கு ஒண்ணும் இல்ல, நமக்குத்தான் எல்லாம் கூடாது. போயி ஒரு வார்த்தயாவது கேளு."

அமராவதி போய்க் கேட்டாள். சிங்காரவேலுவின் வீடு பாலத்தைத் தாண்டியதும் முதல் வீடு, கொல்லைப் படி வாய்க்காலில் இறங்குகிறது. அவர் மருமகள் ஆனந்தி ஏழு மாத வயிற்றோடு வாசலில் நின்று, நேற்று நீங்கள் கொடுத்த நெருப்பில் வைத்த மிளகு ரசம்தான் தொண்டையில் இறங்கியது என்று சொன்னாள். சிங்காரவேலு அமராவதியை வாசற்படி வரை வரச் சொன்னார், அது அவருக்கே புதுப் பழக்கம்.

"எங்க சாவு தெரு வழியா போறதுக்கு ஒரு வழி பண்ணுங்கய்யா. வேற ஒண்ணும் கேக்கல."

"பண்ணலாம், பண்ணலாம். இது நான் வச்சதா? வழிவழியா வந்தது. நான் ஒருத்தன் சொல்லி ஆவுமா, நாலு பேரக் கேக்கணும். பாப்பமே" என்றார். மறுப்பதற்கு இவ்வளவு மரியாதையான வழி இருப்பது அமராவதிக்கு ஆச்சரியமாக இருந்தது. நம்பிக்கையோடுதான் திரும்பி வந்தாள், அதுதான் அவளுக்குப் பிறகு வெட்கமாக இருந்தது.

ஐப்பசி கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில், அக்கரையில் மாசிலாமணி செத்துப்போனார். கலியனோடு சேர்ந்து மயானத்தில் விறகு அடுக்கியவர், கலியனின் பாடையை முன்னால் தூக்கிப் பள்ளத்தில் காலை விட்டவர், அதை நினைத்து நினைத்துச் சரியாகச் சாப்பிடாமலே போனவர். அன்று காலையும் பெரிய தெருச் சட்டிகள் வரிசையாக வந்து நெருப்பு வாங்கிக்கொண்டு போயின. அடுப்பு மூட்டி, இட்லி அவித்து, சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, பதினோரு மணிக்குப் பாடை வந்தபோது அதே ஆட்கள் வந்து பாலத்தில் நின்றார்கள். சிங்காரவேலுவும் நின்றார்.

"நாலு பேரக் கேக்கறேன்னீங்களே அய்யா" என்றாள் அமராவதி.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னம் முடிவாவல. இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்த வழியா போயிடுங்க" என்றார். அவர் வாயில் அவள் நெருப்பில் போட்ட காப்பியின் வாசனை இருந்தது.

மாசிலாமணி தண்ணீரில் இறங்கிப் போனார். பள்ளத்தை விட்டு இடப்பக்கமாகத் தூக்கிப் போனார்கள், அதனால் நனையவில்லை. அமராவதி மயானத்துக்குப் போய் அவரை எரித்துவிட்டுத் திரும்பி வந்து, குளித்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியம் வந்த சட்டிகள் வாசலில் காத்துக் கிடந்து காலியாகத் திரும்பின. யாரும் கதவைத் தட்டவில்லை, தட்டுவதற்கு அவர்களுக்குக் கை வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மாலையில், விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. வினோதா திறந்தாள். சிங்காரவேலு கையில் ஒரு மண்சட்டியோடு தனியாக நின்றார். இது வரைக்கும் அவருக்கான நெருப்பை வேலைக்காரர்கள்தான் வாங்கிப் போயிருந்தார்கள்.

"ஆனந்திக்குப் புள்ள பொறந்துடுச்சு. மாசம் நெறயல. ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லியாச்சு, ரோட்டுல தண்ணி நிக்குது, வர நேரமாவுமாம். அது வரைக்கும் புள்ளயச் சூடா வச்சிருக்கணுங்குறா போன்ல நர்சம்மா, தாயோட மாருலயே போட்டு வைங்கங்குறா. தாயே சில்லுன்னு கெடக்கறா, அமராவதி. வீட்டுல ஒரு உடம்பு சூடா இல்ல. புள்ள நீலமா..." சட்டியை நீட்டினார். "குடும்மா" என்றார். அவர் அவளை அம்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அமராவதி எழுந்துவிட்டாள். பகல் முழுவதும் பிடித்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. "புள்ளய இங்க கொண்டாங்க. இல்ல, நான் வாறேன். என் மாருல போட்டுக்கறேன், எனக்கு உடம்பு சுடுது. வண்டி வர வரைக்கும் வச்சிருக்கேன்" என்று புடவையைச் செருகினாள்.

சிங்காரவேலு சட்டியைப் பார்த்தார்.

"அது சரிப்படாது. நெருப்பு மட்டும் குடு. வெந்நி வச்சு பாட்டில்ல ஊத்திப் பக்கத்துல வச்சுக்கறோம்" என்றார்.

வினோதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அமராவதி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். சட்டியை வாங்கினாள். அவரிடம் சுள்ளி இல்லை, அவசரத்தில் எடுத்துவரவில்லை, அவள் கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமையாயிற்றே, விளக்கு வைத்தாயிற்றே என்றும் நினைக்கவில்லை. அடுப்பில் இருந்ததிலேயே பெரிய கங்குகளாகப் பார்த்து, சட்டி நிறைய, தனக்குக் கொஞ்சமே மிச்சம் வைத்து அள்ளிப் போட்டாள். சட்டியின் விளிம்பில் துணி சுற்றி, தன் கையாலேயே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது விரல்கள் பட்டன. அவர் விரல் குளிர்ந்து கிடந்தது, அவருக்கு அவள் விரல் சுட்டிருக்க வேண்டும்.

"புள்ளைக்குன்னு கேட்டு நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். "ஆனா இது எங்க வீட்டு நெருப்பு. எங்க வீட்டுலேருந்து பொறப்படறது எந்த வழியா போவணும்னு நீங்கதானே வச்சிருக்கீங்க. பாலத்து வழியா போறதுன்னா, ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. இனிமே அக்கரச் சாவு தெரு வழியா போவும்னு சொல்லுங்க. நாலு பேரக் கேக்க வேண்டாம், நீங்க சொன்னாப் போதும். அதச் சொல்ல முடியாதுன்னா வாய்க்கா இருக்கு. உங்க கொல்லப்படி எதுத்தாப்லயே தெரியுது, பாலத்தச் சுத்தறத விடக் கிட்ட. கழுத்தளவு தண்ணிதான். தலைக்கு மேல தூக்கிக்கிட்டுப் போனா நனையாது."

தன் வார்த்தைகள் திரும்பி வந்ததை அவர் அடையாளம் கண்டுகொண்டாரா என்று தெரியவில்லை. அக்கரைக்காரர்கள் மாசிலாமணி வீட்டு வாசலிலிருந்து எழுந்து வந்து பாலத்தின் இந்த முனையில் நின்றுகொண்டிருந்தார்கள், வழியை மறிக்கவில்லை, சும்மா நின்றார்கள். பாலத்தின் அந்த முனையில், இலவச விளக்கின் வெளிச்சத்தில், பெரிய தெருக்காரர்கள் காலிச் சட்டிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். சிங்காரவேலு இந்த முனையைப் பார்த்தார், அந்த முனையைப் பார்த்தார். எதிர்க்கரையில் அவர் வீட்டுக் கொல்லைக் கதவு திறந்திருந்தது, உள்ளே பெண்கள் ஓடுவது தெரிந்தது, குழந்தையின் குரல் மட்டும் கேட்கவில்லை. அவர் வாயைத் திறந்தார். அக்கரை முழுவதும் அவர் வாயைப் பார்த்தது. சொல்லிவிடுவார் என்றுதான் அமராவதி நினைத்தாள், மனசார நினைத்தாள், கலியன் பாலத்தின்மேல் போவது மாதிரிகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு கையால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டியைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்க்காலில் இறங்கினார்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. கருவேலங்காட்டுப் பக்கம் ஆவி சீறுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பாலத்து விளக்கின் வெளிச்சத்தில் அவர் தலையும், தலைக்கு மேலே சிவப்பாக ஒரு சட்டியும் நடு வாய்க்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. தெரிந்த பாதையில் நடக்கிறவர் மாதிரி நேராகப் போனார்.

"நடுவுல பள்ளம் இருக்கு!" என்று அமராவதி கத்தினாள். கரையின் விளிம்புக்கே வந்துவிட்டிருந்தாள். "நேரா போவாதீங்க, இடப்பக்கமாப் போங்க! இன்னங் கொஞ்சம்! இன்னங் கொஞ்சம் இடப்பக்கம்!"

சட்டி இடப்பக்கமாக நகர்ந்தது. கழுத்து வரைக்கும் போயிருந்த தண்ணீர் தோளுக்கு இறங்கியது.

"விட்டிருக்க வேண்டியதுதானே" என்றாள் வினோதா. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அமராவதி எதிர்க்கரைப் படியில் அவர் கால் ஏறுகிற வரைக்கும், சட்டி சிவப்பாகவே கொல்லைக் கதவுக்குள் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மகளின் பக்கம் திரும்பினாள்.

"உங்கப்பன் கால் நனஞ்ச எடம்டி அது" என்றாள்.